பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஒரு வாத்து வேட்டை வார இறுதி: அவசரமில்லாமல் செய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மலைச்சாரல் ஊரான அண்டர்பர்க் பக்கம் ஒவ்வொரு குளிர்காலமும் நாங்கள் ஐந்து பேர் போய்வருகிறோம். அந்த ஐவரில் வருடா வருடம் யாராவது ஒரு புது ஆள் இருப்பார். புதியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் சுடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த வேலையில் சுடுவது மிகவும் பின்னால் வரும் படி. அதற்கு முன்னால் உள்ளவற்றை வரிசையாகச் செய்திருந்தால் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் போதும். அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

1. காகித வேலை: ஒரு வருடத்துக்கு முன்

"நூறு வருஷத்துத் துப்பாக்கிதானே அண்ணே, இதுக்கும் லைசென்ஸ் வேணுமா?" என்று கேட்காத புது ஆளை நான் பார்த்ததில்லை. கட்டாயம் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'பழம்பொருள்' என்றால் 1900 ஜனவரி 1க்கு முன் செய்யப்பட்ட, குழல் வாய் வழியாக மருந்து திணிக்கும் துப்பாக்கியும் அதன் மாதிரி உருவும்தான். பின்பக்கம் மடக்கித் தோட்டா போடுகிற துப்பாக்கி எவ்வளவு பழையதானாலும் அந்தச் சலுகைக்குள் வராது.

தாத்தா, அப்பா வைத்திருந்த துப்பாக்கியிலும் இதே தவறு நடக்கிறது. உரிமம் ஆளுக்குக் கொடுக்கப்படுவது, குடும்பத்துக்கு அல்ல. அப்பா காலமான பிறகு அது வீட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் தூக்கிக்கொண்டு போக முடியாது. முதலில் தகுதிச் சான்றிதழ், அடுத்து அந்தத் துப்பாக்கிக்கு உங்கள் பெயரில் உரிமம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் ஒரு வருடம் முன்பே தொடங்கச் சொல்கிறேன். உரிமம் ஏற்கெனவே இருந்தால் முடியும் தேதியைப் பாருங்கள். வேட்டைக்கான துப்பாக்கி உரிமம் பத்து வருடம் செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முடிவதற்கு 90 நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

உரிமம் இல்லாத நண்பர் கூட வரலாமா? வரலாம். உரிமதாரர் பக்கத்திலேயே நின்று நேரடியாகக் கண்காணித்தால், அவருடைய துப்பாக்கியை இன்னொருவர் பயன்படுத்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு இடம் தருகிறது. 'பக்கத்தில்' என்றால் உண்மையிலேயே பக்கத்தில். வரப்பின் அந்தக் கோடியில் இருந்துகொண்டு கண்காணிக்கிறேன் என்று சொல்ல முடியாது. அப்புறம், அந்த நண்பரின் பையில் தோட்டாவைக் கொடுத்து வைக்காதீர்கள். தோட்டா வைத்திருக்கவும் அதைச் சுடக்கூடிய துப்பாக்கிக்கு உரிமம் வேண்டும். "கொஞ்சம் பிடிச்சுக்க தம்பி" என்று பெட்டியை நீட்டுவதுகூடத் தவறுதான்.

துப்பாக்கி உரிமம் தவிர, எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வேட்டையாடுவதற்கான உரிமத்தைத் தனியாக எசெம்வெலோ வனவிலங்கு அமைப்பிடம் வாங்க வேண்டும். எந்தப் பறவைக்கு எந்த மாதங்கள், ஒரு நாளைக்கு எத்தனை என்பதை அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். போன வருடக் காகிதத்தை நம்பாதீர்கள். நிலத்துக்காரரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும், அதை வேட்டையின்போது சட்டைப் பையில் வைத்திருங்கள்.

2. நாளும் ஆட்களும்

எங்களுக்கு ஏற்ற காலம் ஜூன் மாதமும் ஜூலை முதல் பாதியும். மக்காச்சோளம் அறுத்த தாளடியில் சிந்திய மணிகளைத் தேடி வாத்துகள் இறங்கும். பால் பண்ணைகளில் குளிர்காலத் தீவனப் புல்லும் அப்போது பச்சையாக நிற்கும். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கிவிடுவார்கள். நம் வீடுகளில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள். விரதத்தில் இருப்பவரை வேட்டைக்கு இழுப்பது சரியில்லை. தேதி வைக்கும் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுவிடுங்கள்.

ஆட்கள் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். துப்பாக்கி மூன்று. மூவர் சுடும்போது மற்ற இருவர் பார்க்கிறார்கள், விழுந்த பறவை எங்கே என்று குறி வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் முறை மாறும். எல்லாரும் சுட்டால் யாரும் பார்ப்பதில்லை. அடிபட்ட பறவை புல்லுக்குள் போய்த் தொலைவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

3. துப்பாக்கிச் சோதனை: இரண்டு மாதத்துக்கு முன்

இங்கே நிதானமாக இருங்கள். வழிகாட்டியில் மற்ற எல்லாம் தவறினால் வாத்து கிடைக்காது, அவ்வளவுதான். இது தவறினால் விரல் போகும், கண் போகும்.

புதியவர்கள் பழைய துப்பாக்கி கைக்கு வந்ததும் கட்டைக்கு எண்ணெய் பூசிப் பளபளப்பாக்குவார்கள். பழைய வால்நட் கட்டையில் கை வைக்க யாருக்குத்தான் ஆசை வராது? ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது குழலைத்தான்.

துப்பாக்கியை மடக்கி இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பாருங்கள், விரல் விட்டும் பாருங்கள். முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியாக எடுங்கள். அடியில் இருக்கும் கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு, இன்னொரு கையின் நகக்கணுவால் மெல்லத் தட்டுங்கள். கோயில் மணிபோல ஓசை நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கும் பட்டையின் பற்றவைப்பு உறுதியாக இருக்கிறது. 'டொக்' என்று செத்த ஓசை வந்தால் எங்கோ விட்டிருக்கிறது. உள்ளே ஈரம் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் துரு ஏறியிருக்கலாம்.

அடுத்தது, குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒழுங்காகத் தெரிய வேண்டும். ஒரு வளையம் நெளிந்தால் அங்கே பள்ளமோ வீக்கமோ இருக்கிறது. கறுப்புப் புள்ளிகள் துருக்குழி. லேசான துருக்குழியோடு பல துப்பாக்கிகள் நன்றாகவே ஓடும், ஆனால் எது லேசு என்பதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர் சுவரின் தடிமனை அளந்து சொல்லட்டும். கண் மதிப்பு போதாது.

குழலின் அடிப்பக்கம் சோதனை முத்திரைகள் இருக்கும். பழைய பிரிட்டிஷ் துப்பாக்கி என்றால் அது லண்டன் அல்லது பர்மிங்காம் சோதனைச் சாலையின் முத்திரை. பெல்ஜியம் என்றால் லியேஜ். அந்தத் துப்பாக்கி புகையற்ற மருந்துக்கு, அதாவது இன்றையத் தோட்டாக்களில் இருக்கும் வெடிமருந்துக்குச் சோதிக்கப்பட்டதா என்பதே உங்கள் கேள்வி. பிரிட்டிஷ் துப்பாக்கியில் கிரீடத்தின் கீழோ, வாள் பிடித்த கையின் கீழோ என்.பி. (NP) என்ற எழுத்துகளைத் தேடுங்கள். 1954க்குப் பிறகு பர்மிங்காமில் அது பி.என்.பி. (BNP) ஆனது. லியேஜ் முத்திரையில் நிற்கும் சிங்கத்தின் கீழ் பி.வி. (PV) இருந்தால் அதே பொருள். இவை எதுவும் இல்லாமல் கறுப்பு மருந்து முத்திரை மட்டும் இருந்தால், கடையில் வாங்கும் இன்றையத் தோட்டாவை அதில் போடக் கூடாது.

டமாஸ்கஸ் குழல் என்பார்களே, இரும்பும் எஃகும் முறுக்கி அடித்துச் செய்தது, மேலே கோலம் போட்டதுபோல வரி ஓடும். பார்க்க அழகு. அதில் புகையற்ற மருந்துக்குச் சோதித்த குழல்களும் இருக்கின்றன, சோதிக்காதவையும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் அதை வீட்டுச் சுவரில்கூட மாட்டாதீர்கள், உரிமத்தோடு பெட்டகத்திலேயே இருக்கட்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவரிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அதை அவர் துடைத்து வைக்கிறார், சுடுவதில்லை.

கடைசியாகக் கீலைப் பாருங்கள். துப்பாக்கியைப் பூட்டி, முன்கட்டையைக் கழற்றி, கட்டையின் கழுத்தைப் பிடித்து ஆட்டினால் கடகட என்று ஓசை வரக் கூடாது. கட்டையின் கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் தேடுங்கள். பழைய துப்பாக்கி முதலில் உடைகிற இடம் அதுதான்.

4. சரியான தோட்டா

பழைய 12 எண் (குழல் அகலத்தைக் குறிக்கும் எண்) துப்பாக்கிகள் நிறையவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்று கடையில் முன்னால் அடுக்கியிருப்பது 70. இங்கேதான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. 70 மி.மீ. என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா 60 மி.மீ.யை ஒட்டியே இருக்கும். அதனால் 65 அறையில் அது சுகமாக நுழையும், துப்பாக்கியும் பூட்டிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிந்து முன்னால் குறுகும் பகுதிக்குள் போய் அடைக்கும். அழுத்தம் ஏறும். எனக்கும் ஒரு கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி 70ஐக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்ததால் தப்பினேன். 'நுழைகிறது, அதனால் சரி' என்று எண்ணவே எண்ணாதீர்கள். அறையை அளக்க வையுங்கள், பெட்டியின் மேல் உள்ள எண்ணை வாசியுங்கள்.

தோட்டாவுக்குள் 28 கிராம் ரவை (சிறு உலோகக் குண்டுகள்) போதும். கனமான சுமை பழைய கீலையும் கட்டையையும் வீணாக வருத்தும்.

எஃகு ரவை பழைய குழலுக்கு ஆகாது. அது கடினம், குழலின் உட்புறத்தைக் கீறும், வாய் குறுகிய குழலில் வீக்கம் உண்டாக்கும். ஈய ரவை குழலுக்கு மென்மைதான், ஆனால் தண்ணீர் ஓரம் விழுந்த ஈயத்தை வாத்துகள் அரைக்கும் கல் என்று விழுங்கி, நஞ்சேறிச் சாகும். ஆப்பிரிக்க-யூரேசிய நீர்ப்பறவை ஒப்பந்தம் ஈர நிலங்களில் ஈய ரவையைக் கைவிடச் சொல்கிறது. தென்னாப்பிரிக்காவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாங்கள் பிஸ்மத் மட்டும் போடுகிறோம். அது மென்மையானது, பழைய குழலைக் கெடுக்காது. ஈயத்தைவிட எடை குறைவு என்பதால் ரவையின் அளவை ஒரு படி பெரிதாக எடுக்க வேண்டும். பெரிய வாத்துக்கு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். விலை அதிகம். அதனால் ஆளுக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் கொண்டுபோவதில்லை, அதுவே மிச்சப்படும்.

12 எண் துப்பாக்கி இருக்கும் பையில் 20 எண் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது 12 அறைக்குள் வழுக்கி உள்ளே போய் நின்றுகொள்ளும். அறை காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். 20 எண் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருப்பது இதற்காகத்தான். கிளம்புவதற்கு முன் பைகளைக் கவிழ்த்து உதறுங்கள்.

5. பண்ணைக்காரரிடம் பேசுவது

தொலைபேசியில் அனுமதி வாங்கிவிட்டு நேராகத் துப்பாக்கியோடு போய் இறங்காதீர்கள். ஒரு மாதம் முன்னால் ஒரு ஞாயிறு போய் நேரில் பாருங்கள். எகிப்திய வாத்துக் கூட்டம் தீவனப் புல்லை மேய்ந்து தள்ளுவதால் பால் பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் வரவேற்பார்கள். அவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். விடியற்காலையில் யார் எந்தப் பாதையில் நடந்து வேலைக்கு வருகிறார்கள்? மாடுகள் எந்தத் தடுப்பில் நிற்கும்? பக்கத்து நிலத்தின் எல்லை எங்கே? பால் கறக்கிறவர்கள் இருட்டோடு நடப்பார்கள். அவர்கள் நடக்கும் பக்கம் எந்த மறைவிடமும் போடக் கூடாது.

நீங்கள் வரும் நேரத்தையும் எத்தனை பேர் என்பதையும் வேலையாட்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள். முதலாளிக்குத் தெரிந்து வேலையாளுக்குத் தெரியாத வேட்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை.

6. வெள்ளி சாயங்காலம்: துப்பாக்கி இல்லாமல்

மதியமே டர்பனை விட்டுக் கிளம்புங்கள். என்3 வழியாக ஹாவிக், அங்கிருந்து புல்வர் வழியாக அண்டர்பர்க், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். துப்பாக்கி காலியாக, உறையில், வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். பெட்ரோல் போட நிறுத்தும்போதும் ஒருவராவது வண்டியிலேயே இருக்க வேண்டும். பண்ணைக்குப் போனதும் முதல் வேலை துப்பாக்கிகளைப் பெட்டகத்தில் பூட்டுவது.

நான்கு மணிக்குள் வயல் ஓரத்தில் இருங்கள். ஜூனில் ஐந்து மணி தாண்டியதும் பொழுது சாய்ந்துவிடும். கையில் தொலைநோக்கியும் நோட்டும் மட்டும். இந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நான் வேட்டை என்று சொல்வேன். வாத்துகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன, எந்த மரத்துக்கு மேலாகத் திரும்புகின்றன, காற்று எங்கிருந்து அடிக்கிறது, முதலில் இறங்கும் கூட்டம் வயலின் எந்த மூலையில் இறங்குகிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். யாரும் தொந்தரவு செய்யாவிட்டால் மறுநாள் காலையிலும் பெரும்பாலும் அதே மூலைக்குத்தான் வரும்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பறவைகள் இருக்கும்போதே வயலுக்குள் நடந்து போய் எச்சத்தையும் இறகையும் தேடுவது. கூட்டம் கலைந்தால் மறுநாள் வேறு வயலுக்குப் போய்விடும். அவை தாமாக எழுந்து டேமுக்குத் திரும்பும் வரை பொறுங்கள். இருட்டிய பிறகு டார்ச்சோடு போய் இறங்கிய இடத்தில் ஒரு குச்சி நடுங்கள்.

இரவு தங்கும் டேமில் ஒருபோதும் சுடாதீர்கள். தங்கும் இடத்தில் சுட்டால் அந்தப் பக்கத்தையே விட்டுப் போய்விடும். தண்ணீரில் விழுந்த பறவையை நாய் இல்லாமல் எடுக்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை என்பதால் எங்களில் மூன்று பேர் கவிச்சி தொடமாட்டார்கள். இரவுக்குப் பருப்பும் சோறும் ஊறுகாயும். சாப்பிட்டுக்கொண்டே நோட்டைப் பார்த்து யார் எங்கே என்று முடிவு செய்வோம்.

7. எதைச் சுடலாம், எதைக் கூடாது

எகிப்திய வாத்தைச் சிறகின் முன்பகுதியில் உள்ள பெரிய வெள்ளைத் திட்டும், கண்ணைச் சுற்றிய அடர்பழுப்பு வட்டமும் காட்டிக்கொடுக்கும். முள்சிறகு வாத்து கறுப்பாக, மிகப் பெரிதாக இருக்கும். மஞ்சள் மூக்கு வாத்தும் செம்மூக்குக் கிளுவையும் சிறியவை. ஏமாற்றுவது தென்னாப்பிரிக்கச் செந்தாரா. அதன் சிறகிலும் வெள்ளை உண்டு. ஆனால் உடல் செம்பழுப்பு, தலை சாம்பல் நிறம், பெட்டைக்கு முகம் வெள்ளை.

மிக முக்கியம் பெருங்கொக்குகள். இந்த மலைச்சாரலின் தாளடியில் நீலக் கொக்கு, கிரீடக் கொக்கு, தாடைக்கொக்கு மூன்றும் வாத்துகளோடு சேர்ந்து மேயும். நீலக் கொக்கு இந்த நாட்டின் தேசியப் பறவை. தாடைக்கொக்கு இங்கே அழியும் ஆபத்தில் இருக்கிறது. விடியல் மங்கலில் எல்லாமே கறுப்பு நிழல்தான். கழுத்தை முன்னாலும் காலைப் பின்னாலும் நீளமாக நீட்டிப் பறந்தால் அது கொக்கு. கொக்கு வயலில் இறங்கிவிட்டால் அது எழுந்து போகும் வரை நாங்கள் துப்பாக்கியை மடக்கி வைத்துவிடுகிறோம். நிறம் தெரியாத வெளிச்சத்தில் சுடுவதே இல்லை.

8. சனி விடியல்: மறைவிடமும் டெக்காயும்

ஜூனில் சூரியன் எழ ஏழு மணியாகிவிடும். ஐந்தரைக்கு வயலில் இருங்கள். உறைபனி புல்லில் வெள்ளையாகப் படிந்திருக்கும். இரண்டு கம்பளி உறை, ஒரு ஃபிளாஸ்க் தேநீர் இல்லாமல் போகாதீர்கள். விறைத்த விரலுக்கு ட்ரிகர் எங்கே என்று தெரியாது.

வாத்து காற்றை எதிர்த்து இறங்கும். அதனால் காற்று உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள், பறவை உங்கள் முகத்தை நோக்கி வரும். சூரியன் கண்ணில் அடிக்குமானால் கொஞ்சம் பக்கவாட்டில் நகருங்கள்.

மறைவிடம் சோளத்தட்டையாலும் கோணியாலும் போதும், வேலி ஓரம் அல்லது வாய்க்காலுக்குள். பறவையைப் பயமுறுத்துவது நிறத்தைவிட அசைவுதான். வெளிறிய முகம் மேலே திரும்புவதை அது ரொம்ப தூரத்திலேயே பார்த்துவிடும். தொப்பியின் விளிம்புக்கு அடியிலிருந்து பாருங்கள்.

பறவைகளை இறங்கவைக்க வயலில் வைக்கும் பொய் வாத்தை டெக்காய் என்று நாம் இன்று சொல்கிறோம். அதற்குத் தமிழில் பழைய சொல் இருக்கிறது, 'பார்வை'. பழகிய விலங்கைக் காட்டி விலங்கைப் பிடிப்பதைப் பார்வை வேட்டை என்பார்கள். பன்னிரண்டு பொய் வாத்து போதும். குச்சி நட்ட இடத்தைச் சுற்றி லாடம்போல வளைத்து, நடுவில் இறங்க இடம் விடுங்கள். எகிப்திய வாத்து ஜோடியாகவே திரியும், ஆகவே இரண்டிரண்டாக வையுங்கள். சீராக வரிசையில் வைத்தால் அது வாத்துக் கூட்டமாகத் தெரியாது. கடைசி டெக்காய் மறைவிடத்திலிருந்து 30 மீட்டர். அதுவே உங்கள் எல்லைக்கல். அதற்கு அப்பால் இருப்பது எவ்வளவு பெரிய வாத்தானாலும் சுடக் கூடாது.

9. சுடுவது

ஒருவருக்கொருவர் 20 மீட்டர் இடைவெளி, ஒரே நேர்கோட்டில். ஒவ்வொருவருக்கும் முன்னால் இடமும் வலமும் இரண்டு குச்சி நட்டு, குழல் அந்தக் குச்சிகளைத் தாண்டாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். தாழ்வாக வரும் பறவையை விட்டுவிடுங்கள். பறவைக்குப் பின்னால் வானம் தெரிய வேண்டும், வயல் தெரியக் கூடாது. யாராவது மறைவிடத்தை விட்டு எழுந்தால் எல்லாத் துப்பாக்கியும் மடங்கித் தோட்டா வெளியே வர வேண்டும். வேலி தாண்டும்போதும் அப்படியே.

எப்போது சுடலாம் என்று ஒரே ஒருவர் சொல்வார். எங்களில் மூத்த மாமா அந்த வேலையைப் பார்க்கிறார். அவர் "சரி" என்று சொல்லாமல் யாரும் எழுவதில்லை.

புது ஆள் முதல் நாள் ஒரு தோட்டா மட்டும் போடட்டும். இரண்டு ட்ரிகர் உள்ள பழைய துப்பாக்கியில் பதற்றத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்திவிடுவார்கள். ஒரே தோட்டா என்றால் பொறுமையும் தானாக வரும்.

தவறிப்போவதற்கு எப்போதும் ஒரே காரணம்தான். பெரிய வாத்து மெதுவாகப் பறப்பதுபோலத் தெரியும். உண்மையில் அது வேகமாகத்தான் வருகிறது, பெரிய உடல் கண்ணை ஏமாற்றுகிறது. எல்லாரும் வாலுக்குப் பின்னால் சுடுகிறார்கள். குழலை வாலிலிருந்து தொடங்கி, உடல் வழியாக அலகைத் தாண்டி ஓட்டி, நிறுத்தாமலே அழுத்துங்கள். குழலைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள். கண்ணைச் சுற்றிய பழுப்பு வட்டம் தெளிவாகத் தெரிந்தால் பறவை எட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஓசை பலவீனமாக, 'புஸ்' என்று வந்தால் அப்படியே நிறுத்துங்கள். குழலில் அடைப்பு நின்றிருக்கலாம். மடக்கி, குழல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டா போடக் கூடாது. குழல் வாய் மண்ணைத் தொட்டாலும் இதே சோதனைதான்.

ஒரு பறவை விழுந்தால் அதை எடுத்த பிறகுதான் அடுத்தது. பார்ப்பவர்கள் இருவரும் விழுந்த இடத்தின் நேரே தெரியும் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நடந்து போக வேண்டும். உயிர் இருந்தால் உடனே கழுத்தை முறித்து முடித்துவிடுங்கள், தயங்குவது அதற்குத்தான் வதை. அரசு வரம்பு எவ்வளவாக இருந்தாலும், அதற்குள் எங்கள் கணக்கு ஆறு. ஐந்து வீட்டுக்கும் பண்ணைக்காரருக்கும் ஒவ்வொன்று. ஆறு ஆனதும், அல்லது மணி ஒன்பது ஆனதும், எது முதலில் வருகிறதோ அப்போது துப்பாக்கி உறைக்குள் போகும்.

10. பறவை, துப்பாக்கி, அப்புறம்தான் தேநீர்

பறவைகளைச் சாக்குக்குள் குவிக்காதீர்கள், சூடு அடங்காமல் கறி கெடும். உடனே வயிற்றைத் திறந்து குடலை எடுத்து, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். இங்கே 2017, 2021, 2023ஆம் ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் கோழிப் பண்ணைகளைத் தாக்கியது. காட்டு வாத்துகள் அந்தக் கிருமியைச் சுமக்கக்கூடியவை. கையுறை போடுங்கள், நோயுற்றதுபோலத் தெரியும் பறவையைத் தொடாதீர்கள், வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் பூட்ஸைக் கழுவாமல் கோழிக்கூட்டுப் பக்கம் போகாதீர்கள்.

குளிரில் இருந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே உறையைத் திறந்தால் இரும்பு முழுவதும் வியர்க்கும். ஒரு மணி நேரம் உறையிலேயே விடுங்கள். அப்புறம் குழலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி, சில மணி நேரம் வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். கட்டை கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் வழிந்து கட்டையின் கழுத்தில் ஊறி மரத்தை மென்மையாக்கும். பல பழைய துப்பாக்கிகள் இப்படித்தான் கெட்டன. பின்பு பெட்டகம். பெட்டகம் பூட்டும் வரை பீர் திறப்பதில்லை.

11. சனி இரவுக் கறி

எகிப்திய வாத்துக் கறி தடித்தது. கோழிபோல நினைத்து முக்கால் மணியில் இறக்கினால் மெல்ல முடியாது. இன்று ஒரு வாத்து போதும். நெஞ்சையும் தொடையையும் வெட்டி, விரலால் தடவி ரவைகளை எடுத்துவிட்டு, உப்பும் கொஞ்சம் வினிகரும் மஞ்சளும் தடவி மதியம் முழுவதும் வையுங்கள். மூன்று கால் இரும்புப் பானையில் எண்ணெய், பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, நிறைய வெங்காயம். வெங்காயம் நன்றாகச் சிவந்த பிறகு இஞ்சி பூண்டு, டர்பன் கறி மசாலா, தக்காளி, அப்புறம் கறி. சிறு தணலில் மூன்று மணி நேரம். உருளைக்கிழங்கைக் கடைசி அரை மணிக்கு முன் போடாதீர்கள், கரைந்துவிடும். சாப்பிடுகிறவர்களிடம் பல்லில் ரவை கடிபடலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

12. ஞாயிறு

அதே வயலில் இரண்டாம் நாள் சுடாதீர்கள். ஒரு காலை தொந்தரவு செய்தால் திரும்பி வரும், தொடர்ந்து செய்தால் வராது. நாங்கள் விடிந்ததும் வயலுக்குப் போய் வெற்றுத் தோட்டா உறைகளை எண்ணிப் பொறுக்குகிறோம். தோட்டாவிலிருந்து ரவையோடு வந்து விழும் பிளாஸ்டிக் அடைப்பான்களையும்தான், ஏனென்றால் மாடு அவற்றைத் தின்னும். எண்ணிக்கை குறைந்தால் கிடைக்கும் வரை தேடுவோம்.

பண்ணைக்காரருக்கு உரிய வாத்தைச் சுத்தம் செய்து, வெட்டி, உறையில் போட்டுக் கொடுங்கள். சிறகோடு கொடுத்தால் அந்த வேலையை அவர் வீட்டுப் பெண்கள் தலையில் கட்டியதாகிவிடும்.

கிளம்பும் முன் நோட்டில் எழுத வேண்டியவை: தேதி, காற்றுத் திசை, எத்தனை சுட்டோம், எத்தனை விழுந்தது, எந்த மூலை, மீதித் தோட்டா எத்தனை. இந்த வருடம் எங்கள் கணக்கில் பதினொன்று சுட்டு ஐந்து விழுந்தது. ஆறாவதை மாமா "விடுங்கப்பா, வெயில் வந்துடுச்சு" என்று சொல்லி விட்டுவிட்டார். பக்கத்தில் அடுத்து முடியப்போகிற உரிமத்தின் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.